ஸ்போக்கன் இங்கிலீஷ்: தமிழ்வழி படித்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எடுத்துக்காட்டுகளையெல்லாம் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க அது போதும்; ஸ்பெல்லிங்குக்கு அகராதி இருக்கிறது. நம்மவர்கள் ஆங்கிலத்தில் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை தமிழ் இலக்கணம் ஆங்கில வாக்கியத்துக்குள் புகுந்துகொள்வதால் வருபவை. ஆகவே பதில்களும் பெரும்பாலும் தமிழிலிருந்தே தொடங்கும்.

பள்ளியில் பன்னிரண்டு வருஷம் ஆங்கிலம் படித்தேன். படித்தால் புரிகிறது, எழுதவும் வருகிறது. பேச மட்டும் வாய் வரவில்லை. ஏன்?

பள்ளித் தேர்வு கேட்டது அவ்வளவுதான். 'ஆக்டிவ் வாய்ஸை பாசிவ் வாய்ஸாக மாற்று' என்றால் மாற்றத் தெரியும். ஆனால் பேச்சில் யோசிக்கக் கிடைப்பது ஓரிரு விநாடி. அந்த ஓரிரு விநாடியில் தமிழ் வாக்கியத்தை மனதுக்குள் முழுசாகக் கட்டி, பிறகு மொழிபெயர்க்கப் பார்ப்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

'நேத்து சாயங்காலம் மார்க்கெட் போற வழியில உங்க அண்ணனைப் பார்த்தேன்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வினைச்சொல் கடைசியில் வருகிறது. ஆங்கிலத்துக்கோ அது இரண்டாவது சொல்லாகவே வேண்டும்: 'ஐ சா'. மொழிபெயர்ப்பவர் தமிழ் வாக்கியத்தின் கடைசிச் சொல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தால்தான் வாயைத் திறக்க முடியும். அதற்குள் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும்.

இதற்குப் பயிற்சி, வாக்கியத்தைத் துண்டு துண்டாக நீட்டுவது. முதலில் யார், என்ன செய்தார் என்று மட்டும் சொல்லுங்கள்: 'ஐ சா.' பிறகு யாரை: 'ஐ சா யுவர் பிரதர்.' பிறகு எங்கே: 'ஐ சா யுவர் பிரதர் ஆன் தி வே டு தி மார்க்கெட்.' கடைசியில் எப்போது: '...யெஸ்டர்டே ஈவினிங்.' அன்று நடந்த பத்து விஷயங்களைத் தினமும் இப்படி நீட்டிச் சொல்லுங்கள். முதல் இரண்டு சொல் யோசிக்காமல் வர ஆரம்பித்தால் மீதி தானாகத் தொடரும். இந்தப் பயிற்சியை எழுதிப் பார்த்தால் பலன் இல்லை, வாயால்தான் செய்யவேண்டும்.

பேச எவ்வளவு கிராமர் வேண்டும்? எதில் தொடங்குவது?

முதலில் 'ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்'. அடுத்து சிம்பிள் பிரசன்ட், சிம்பிள் பாஸ்ட். அடுத்து டு, டஸ், டிட் வைத்துக் கேள்வி கேட்பதும் மறுப்பதும். பிறகு கேன், ஷுட், ஹேவ் டு. எதிர்காலத்துக்கு வில், கோயிங் டு. இவ்வளவு கையில் இருந்தால் கடை, பஸ், ஆபீஸ், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் சமாளிக்கலாம். பாசிவ் வாய்ஸும் ரிப்போர்ட்டட் ஸ்பீச்சும் பின்னால் வந்தால் போதும். நம் பாடத்திட்டங்கள் இவற்றுக்குக் கொடுக்கும் இடம் பேச்சுக்குத் தேவையானதைவிட ரொம்ப அதிகம்.

இதில் அவசரப்படக்கூடாத இடம் டு, டஸ், டிட். தமிழில் கேள்விக்கு 'ஆ' சேர்த்தால் முடிந்தது: போனான், போனானா? ஆங்கிலத்தில் துணைவினை ஒன்று முன்னால் வந்து, காலத்தையும் தானே எடுத்துக்கொள்கிறது. அதனால் பின்னால் வரும் வினை வெறும் வினையாக நிற்கும். 'டிட் யூ வென்ட்?' என்றால் இறந்தகாலத்தை இரண்டு முறை சொன்னதாகிறது. 'டிட் யூ கோ?' என்பதே சரி. 'டஸ் ஷீ லைக்ஸ்' என்பதும் அதே கோளாறுதான். 'எஸ்' ஏற்கெனவே 'டஸ்'ஸில் இருக்கிறது.

கேள்விக்குள் கேள்வி வந்தால் இந்த மாற்றம் நடக்காது. 'பேங்க் எங்கே இருக்குன்னு தெரியுமா?' என்பதற்கு 'டு யூ நோ வேர் தி பேங்க் இஸ்?' என்று கேட்க வேண்டும். 'வேர் இஸ் தி பேங்க்' என்பது தனிக் கேள்வியாக நின்றால் மட்டும் சரி.

பன்னிரண்டு டென்ஸையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் தெரியாமலே ஆயுள் முழுக்க ஆங்கிலம் பேசலாம். ஆனால் பிரசன்ட் பெர்ஃபெக்டிலிருந்து, அதாவது 'ஹேவ்', 'ஹேஸ்' போட்டு வரும் வடிவத்திலிருந்து, தப்பிக்க முடியாது.

'தாஜ்மஹால் பார்த்திருக்கேன்' என்பதும் 'ஐ ஹேவ் சீன் தி தாஜ்மஹால்' என்பதும் பொருத்தமாகவே இருக்கின்றன. தமிழில் 'நேத்து வந்திருக்கான்' என்றும் சொல்லலாம் என்பதால்தான் வழுக்குகிறது. அதை அப்படியே கொண்டுபோய் 'ஹீ ஹேஸ் கம் யெஸ்டர்டே' என்கிறோம். ஆங்கிலத்தில் முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல்லும் 'ஹேவ்' வடிவமும் ஒரே வாக்கியத்தில் சேராது. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ அவர்ஸ் எகோ, இன் 2019 என்று எது வந்தாலும் சிம்பிள் பாஸ்ட்தான்: 'ஹீ கேம் யெஸ்டர்டே.' எவர், நெவர், யெட் போன்றவையும் இன்னும் முடியாத 'திஸ் வீக்' போன்றவையும் 'ஹேவ்' உடன் சேரும்.

இன்னொரு பள்ளம் இதற்கு நேர் எதிர்ப்பக்கம். '2019லேர்ந்து சென்னையில இருக்கேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதால், 'ஐ ஆம் இன் சென்னை சின்ஸ் 2019' என்று வருகிறது. அன்று தொடங்கி இன்றுவரை நீள்வதை ஆங்கிலம் 'ஹேவ்' போட்டுத்தான் சொல்லும்: 'ஐ ஹேவ் பீன் இன் சென்னை சின்ஸ் 2019.' தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்', கால நீளத்துக்கு 'ஃபார்'. சின்ஸ் மார்ச், ஃபார் ஃபைவ் இயர்ஸ். 'சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்பது கிடையாது.

'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'ஐ ஆம் நாட் நோயிங்' தவறா?

தவறுதான். உடைமை, அறிவு, விருப்பம், தேவை ஆகியவற்றைச் சொல்லும் வினைகள் 'இங்' ஏற்காது. இதற்குத் தமிழிலேயே ஒரு சோதனை உண்டு. தமிழில் 'நான்' போகாமல் 'எனக்கு' வரும் வினைகளைப் பாருங்கள்: எனக்குத் தெரியும், வேண்டும், பிடிக்கும், புரியும், எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள். இவற்றுக்கு நேரான ஆங்கில வினைகளைப் பெரும்பாலும் 'இங்' இல்லாமல் சொன்னால் சரியாக வரும்: ஐ நோ, ஐ வான்ட், ஐ லைக், ஐ அண்டர்ஸ்டாண்ட், ஐ ஹேவ். விதிவிலக்கு, எனக்கு வலிக்கிறது: 'இட் இஸ் ஹர்ட்டிங்' என்றும் சொல்லலாம். 'ஹேவ்' என்பது உடைமையை அல்லாமல் சாப்பிடுவது போன்ற செயலைக் குறிக்கும்போது 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரியே.

'எ', 'அன்', 'தி' எங்கே போடுவது என்று கடைசிவரை குழப்பமாகவே இருக்கிறது.

தமிழில் இவற்றுக்கு நேரான உறுப்பு இல்லாததால், விட்டுவிட்டாலும் காதுக்கு உறுத்துவதில்லை. பெயர்ச்சொல் வரும்போதெல்லாம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எதைச் சொல்கிறேன் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா? தெரியும் என்றால் 'தி'. தெரியாது, எண்ணக்கூடிய ஒற்றைப் பொருள் என்றால் 'எ'. தெரியாது, பன்மை அல்லது எண்ணமுடியாதது என்றால் ஒன்றும் வேண்டாம். 'ஐ பாட் எ பைக். தி பைக் நீட்ஸ் நியூ டயர்ஸ்.' மூன்றும் இந்த ஒரே இடத்தில் வந்துவிட்டன.

எண்ணக்கூடிய ஒருமைப் பெயர் ஆங்கிலத்தில் தனியாக நிற்காது. 'ஐ பாட் பைக்' என்று விட முடியாது. எ, தி, மை, திஸ் என ஏதாவது ஒன்று முன்னால் வேண்டும். கோ டு ஸ்கூல், கோ டு பெட், பை பஸ், அட் ஹோம் போன்ற சில வழக்குத் தொடர்கள் இதற்கு வெளியே நிற்கின்றன. அவற்றை அப்படியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணமுடியாதவற்றில் நம்மை ஏமாற்றுபவை: அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், ஹோம்வொர்க். தமிழில் அறிவுரைகள், தகவல்கள் என்று பன்மை வருவதால் 'அட்வைஸஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்' என்று சொல்லிவிடுகிறோம். 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' அல்லது வெறும் 'சம் அட்வைஸ்' என்று சொல்லுங்கள்.

'எ'யா 'அன்'னா என்பதில் தமிழ் படித்தவர்களுக்கு ஒரு வசதி. சொல்லை ஒலிக்கும்படி தமிழில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து உயிரெழுத்தானால் 'அன்', மெய்யோ உயிர்மெய்யோ ஆனால் 'எ'. அன் அவர், அன் எம்எல்ஏ; எ யுனிவர்சிட்டி, எ வன்-வே ரோடு. ஆங்கில ஸ்பெல்லிங்கைப் பார்த்துத்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

இன், ஆன், அட் எல்லாம் இருக்கட்டும். 'திங்கட்கிழமைக்குள்' என்பதை எப்படிச் சொல்வது?

'பை மண்டே.' 'விதின் மண்டே' என்று ஆபீஸ் மெயில்களில் நிறையப் பார்க்கலாம், அது தவறு. 'விதின்' கால நீளத்தோடு மட்டும் வரும்: விதின் டூ டேஸ். 'அன்டில் மண்டே' என்றால் திங்கள் வரை அந்த வேலை தொடர்ந்து நடக்கும் என்று பொருள்; கெடு என்று பொருள் இல்லை. மற்றபடி மணிக்கு அட், கிழமைக்கும் தேதிக்கும் ஆன், மாதத்துக்கும் வருஷத்துக்கும் இன்.

இன்னொன்று. சில வினைகளுக்குப் பின்னால் எதுவுமே வேண்டாம்: டிஸ்கஸ், என்டர், ரீச், கான்டாக்ட், மேரி. 'டிஸ்கஸ் அபவுட்' வருவது நம் 'பற்றி'யால்; 'மேரி வித்' வருவது 'அவரோடு கல்யாணம்' என்பதால். சிலவற்றுக்கு அவசியம் வேண்டும்: லிசன் டு, வெயிட் ஃபார், எக்ஸ்ப்ளெய்ன் டு மீ. 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' என்று சொல்லாதீர்கள்.

மரியாதையாகத்தான் பேசுகிறேன். ஆனாலும் உத்தரவு போடுவது போல இருக்கிறது என்கிறார்கள்.

தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. 'தண்ணி குடுங்க' என்றால் போதும், 'தயவுசெய்து' சொல்லத் தேவையில்லை. அதை 'கிவ் மீ வாட்டர்' என்று மாற்றும்போது அந்த '-ங்க' வழியில் விழுந்துவிடுகிறது. மிஞ்சுவது வெறும் ஏவல். ஆங்கிலத்தில் மரியாதை வாக்கியத்தின் தலையில் வருகிறது, அதுவும் கேள்வி வடிவில்: 'கேன் ஐ ஹேவ் சம் வாட்டர், ப்ளீஸ்?' இன்னும் பணிவாக வேண்டுமானால் 'கேன்' என்பதன் இறந்தகால வடிவமான 'குட்' வைத்து, 'குட் யூ சென்ட் இட் டுடே, ப்ளீஸ்?' காலம் பின்னால் போகப் போகப் பணிவு கூடும். 'ஐ வான்ட்' என்பதை 'ஐ வுட் லைக்' ஆக்குவதும் அதனால்தான்.

இதே '-ங்க' இன்னொரு இடத்தில் கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். 'அப்பா சொன்னாங்க' என்ற பழக்கத்தில் 'மை ஃபாதர், தே டோல்ட்' என்று வாய் போய்விடும். ஒருவர் எவ்வளவு பெரியவரானாலும் இங்கே 'ஹீ', 'ஷீ'தான்.

'டோன்ட் யூ வான்ட் டீ?' என்று கேட்டால் எஸ் சொல்வதா, நோ சொல்வதா?

'டீ வேண்டாமா?' என்றால் நாம் 'ஆமா, வேண்டாம்' என்போம். கேட்டவர் சொன்னதை ஒப்புக்கொள்ளும் 'ஆமா' அது. ஆங்கிலத்தில் எஸ், நோ இரண்டும் நீங்கள் சொல்லப்போகும் பதிலோடு மட்டும் ஒத்துப்போக வேண்டும். வேண்டாம் என்றால் 'நோ, ஐ டோன்ட்'. வேண்டும் என்றால் 'எஸ், ஐ டு'. 'எஸ்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் டீ வந்துவிடும்.

இந்தியர்கள் பேசும் ஆங்கிலம் எல்லாமே தப்பா?

இல்லவே இல்லை. 'ப்ரீபோன்' (குறித்த நாளை, நேரத்தை முன்னுக்குக் கொண்டுவருவது) பெரும்பாலும் நம் ஊரில் புழங்கும் சொல், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இருக்கிறது. நமக்குள் பேசும்போது எது ஓடுகிறதோ அது ஓடட்டும். வெளியூர்க்காரர்களிடம் பேசும்போது நான்கைந்தை மாற்றிக்கொண்டால் நல்லது. 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால் நம்மை நம்பவில்லையோ என்று அவர்கள் நினைக்கலாம். 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்று சொல்லுங்கள். 'டுடே மார்னிங்', 'யெஸ்டர்டே நைட்' வேண்டாம். 'திஸ் மார்னிங்', 'லாஸ்ட் நைட்'. 'நேத்துதான் வந்தேன்' என்பதில் உள்ள 'தான்' என்பதை 'யெஸ்டர்டே ஒன்லி' என்று மாற்றாமல், 'ஐ கேம் யெஸ்டர்டே' என்று கடைசிச் சொல்லை அழுத்திச் சொன்னால் அதே பொருள் வந்துவிடும். 'மைசெல்ஃப் குமார்' மட்டும் உள்ளூரிலும் வேண்டாம். 'ஐ ஆம் குமார்' என்றால் முடிந்தது.

உச்சரிப்பில் எதைத் திருத்துவது? அமெரிக்க ஆக்சென்ட் வேண்டுமா?

வேண்டாம். ஆக்சென்ட் இருப்பதில் குற்றமில்லை. கேட்பவருக்குச் சொல்லே பிடிபடாமல் போகிற இடங்களை மட்டும் பாருங்கள்.

முதலாவது, கடைசியில் ஒட்டும் உகரம். புக்கு, பஸ்ஸு, கார்டு. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது என்பதால் இது தானாக வருகிறது. சொல் முடிந்ததும் வாயை அப்படியே நிறுத்திப் பழகுங்கள். இரண்டாவது, எகரத்தின் முன் ஒரு யகரமும் ஒகரத்தின் முன் ஒரு வகரமும் நுழைவது: 'யெவரி', 'வொன்லி'. மூன்றாவது, ப-வும் ஃப-வும் ஒன்றாவது. ஃபேன் கேட்டால் பேன் என்று ஒலிக்கும். மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்துக் காற்றை விடுங்கள், உதடுகள் ஒட்டக்கூடாது.

நான்காவது, இறந்தகாலத்தைக் காட்டும் 'இ-டி' விகுதி. வினை 'ட்' ஒலியில் முடிந்தால்தான் அது தனி அசையாக ஒலிக்கும்: வான்டிட், நீடிட். மற்ற எல்லாவற்றிலும் அசை கூடாது: வாக்ட், ஆஸ்க்ட், கால்ட். 'ஆஸ்கெட்', 'டெவலப்புடு' என்று நீட்ட வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது அழுத்தம். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கும், மற்றவை மங்கும். ஹோட்டல், கமிட்டி, டெவலப் மூன்றிலும் அழுத்தம் இரண்டாவது அசையில். நாமோ முதலசையை ஓங்குவோம். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதலசை, 'ஃபட்டாகிரஃபி' என்பதில் இரண்டாவது. அகராதியில் ஒலிக்குறிப்புக்குள் மேலே ஒரு சிறு செங்குத்துக் கோடு இருக்கும். அதற்கு அடுத்து வரும் அசையைத்தான் ஓங்க வேண்டும். புதுச் சொல்லின் பொருளைப் பார்க்கும்போதே அந்தக் கோட்டையும் பாருங்கள்.

எத்தனை சொல் தெரிய வேண்டும்?

டாக்காவில் ஆசிரியராக இருந்த மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள். அன்றாடப் பேச்சுக்கு இன்றும் அந்த அளவு நல்ல அடித்தளம். ஆனால் ஒற்றைச் சொற்களாகப் படித்தால் வாக்கியத்தில் தவறான கூட்டாளியோடு போய்ச் சேரும். நம் 'போடு' என்பதையே பாருங்கள். கையெழுத்துப் போடு: சைன். சட்டை போடு: புட் ஆன். ஃபேன் போடு: டர்ன் ஆன். டீ போடு: மேக். சண்டை போடு: ஃபைட். ஊசி போடு: கிவ் அன் இன்ஜெக்‌ஷன். இந்த ஆறு இடத்தில் ஒன்றில்தான் 'புட்'டுக்கு வேலை. ஆகவே 'டிசிஷன்' என்று எழுதிக்கொள்ளாமல் 'மேக் எ டிசிஷன்' என்று எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து ஜோடி போதும். அடுத்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பிறகு மூன்று வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

30 நாளில் பேசலாம் என்கிறார்களே?

சில நூறு வாக்கியங்கள் பேசலாம். ஐரோப்பிய மொழித்தரக் கட்டமைப்பு மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரிக்கிறது. கேம்பிரிட்ஜ் தரும் தோராயக் கணக்குப்படி, தொடக்கத்திலிருந்து கணக்கிட்டால் ஏ2 படிக்கு 180 முதல் 200 மணி நேரம், ஓரளவு தங்குதடையில்லாமல் பேசும் பி1 படிக்கு 350 முதல் 400, பி2 படிக்கு 500 முதல் 600. ஏ2 அளவில் இருப்பவர் தினம் ஒரு மணி நேரம் செலவிட்டால் பி1 வர ஆறேழு மாதம் ஆகும். வார இறுதியில் மட்டும் ஐந்து மணி நேரம் உட்காருவதைவிடத் தினம் நாற்பது நிமிஷம் நல்லது.

பேச ஆள் இல்லை. தனியாக எப்படிப் பழகுவது?

ஒரு நிமிஷ ஆடியோ ஒன்று எடுங்கள், எழுத்து வடிவமும் உடன் இருக்கவேண்டும். பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் தளத்தில் இப்படி நிறைய இலவசமாகக் கிடைக்கிறது. முதல்முறை எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். இரண்டாம் முறை எழுத்தோடு கேட்டு, தெரியாத சொற்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பிறகு வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, அதே ஏற்ற இறக்கத்தோடு சொல்லுங்கள். கடைசியில் நிறுத்தாமல், பேசுபவருக்கு அரை விநாடி பின்னால் நிழல்போல் கூடவே சொல்லுங்கள். ஒரே ஆடியோவை நான்கு நாள் செய்யலாம். தினம் ஒன்று மாற்றுபவர்களுக்கு ஒன்றும் ஒட்டுவதில்லை.

அடுத்து சொந்தப் பேச்சு. ஒரு தலைப்பில் இரண்டு நிமிஷம் பேசி மொபைலில் பதியுங்கள். அதையே ஒன்றரை நிமிஷத்தில் சொல்லுங்கள், பிறகு ஒரு நிமிஷத்தில். மூன்றாம் முறை வரும்போது தயக்கங்கள் உதிர்ந்திருக்கும். பதிவைக் கேட்கும்போது எல்லாத் தவறையும் பிடிக்கப் போகாதீர்கள். ஒரு வாரம் இறந்தகால வினைகள் மட்டும், அடுத்த வாரம் 'எ', 'தி' மட்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலியோடு பேசினாலும் இதே மாதிரி ஒன்றை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பத்துத் திருத்தம் வந்து அயர்ந்துபோவீர்கள்.

வெளிநாடு போகக் கேட்கும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் ஸ்பீக்கிங் பகுதிக்குப் பதில்களை மனப்பாடம் செய்யலாமா?

செய்யாதீர்கள், தேர்வாளர் கண்டுபிடித்துவிடுவார். தேர்வு 11 முதல் 14 நிமிஷம், மூன்று பகுதி. இரண்டாம் பகுதியில் ஓர் அட்டை தருவார்கள். ஒரு நிமிஷம் குறிப்பெடுத்து, ஒன்று முதல் இரண்டு நிமிஷம் பேச வேண்டும். தங்குதடையின்மை, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு நான்குக்கும் சம மதிப்பு. மேலே சொன்ன இரண்டு நிமிஷப் பதிவுப் பயிற்சி இதற்கு அப்படியே பொருந்தும்.

எதிரில் பேசுபவர் சொல்வது புரியாவிட்டால்?

'வாட்?' என்று மட்டும் கேட்காதீர்கள், முரட்டுத்தனமாக இருக்கும். தலையாட்டிச் சமாளிப்பது அதைவிட மோசம். 'சாரி, ஐ டிட்ன்ட் கேட்ச் தட்' என்று சொல்லலாம். எது விட்டுப்போனதோ அதை மட்டும் கேட்பது இன்னும் நல்லது: 'சாரி, வாட் டைம்?', 'தி மீட்டிங் இஸ் வேர்?' எதிராளி முழுவதையும் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் மற்றதைப் புரிந்துகொண்டதும் அவருக்குத் தெரிந்துவிடும். சொல் வராமல் திணறினால் 'ஹவ் டு ஐ சே திஸ்' என்று இழுத்து நேரம் வாங்கிக்கொண்டு, அந்தப் பொருளின் வேலையைச் சொல்லுங்கள். கரண்டி என்ற சொல் வராவிட்டால் 'தி திங் யூ சர்வ் சாம்பார் வித்'. யாருக்கும் புரியும்.

பேசும்போதே தவறு செய்தது தெரிந்துவிட்டால் நிறுத்தித் திருத்த வேண்டுமா?

காலம், எண்ணிக்கை, ஆம் இல்லை, யார் யாருக்கு என்பவை மாறிப்போயிருந்தால் உடனே திருத்துங்கள்: 'டுமாரோ, சாரி, யெஸ்டர்டே.' 'தி' ஒன்று விட்டுப்போயிருந்தால் பேச்சை நிறுத்த வேண்டாம், அப்படியே போய்க்கொண்டிருங்கள்.